வாக்குச் சாவடி ஆகலாம், வாக்குவாதம் ஆகாதா?

தேர்தலை நடத்த ஆசிரியர்களை நம்பும் நாடு, தேர்தலைப் பற்றி வகுப்பில் பேச அவர்களை நம்பத் தயங்குகிறது.

வாக்குப்பதிவுக்கு முதல் நாள் சாயங்காலம் நாட்டின் எந்த மூலையிலுள்ள அரசுப் பள்ளிக்குப் போனாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். பெஞ்சுகள் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருக்கும். கரும்பலகையில் யாரோ போட்ட கணக்கு பாதி அழிந்து நிற்கும். ஆசிரியர் மேஜை மீது மின்னணு எந்திரம் ஏறும். அதைச் சுற்றி அட்டைத் தடுப்பு எழும். மறுநாள் காலை அந்தச் சாவடியைத் திறந்து, வாக்காளர் விரலுக்கு மை வைக்கச் செய்து, ஏஜெண்டுகளின் சச்சரவுகளைச் சமாளித்து, மாலையில் எந்திரத்துக்கு சீல் வைத்து ஒப்படைக்கப்போகிறவர் பல இடங்களில் ஒரு பள்ளி ஆசிரியர்தான்.

2024 மக்களவைத் தேர்தலுக்கு அமைக்கப்பட்ட சாவடிகள் சுமார் பத்தரை லட்சம். வாக்களித்தவர்கள் 64 கோடிப் பேர். ஆசிரியர்கள் இல்லாமல் இந்தத் தேர் நகராது. கல்விக்குச் சம்பந்தமில்லாத வேலைகளுக்கு ஆசிரியர்களை இழுக்கக்கூடாது என்று சொல்லும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம்கூட, அதன் 27ஆவது பிரிவில் மூன்று விதிவிலக்குகளை வைத்திருக்கிறது: பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல்.

தேர்தல் முடிந்து பள்ளி திறக்கிறது. பின் பெஞ்சுப் பையன் எழுந்து, "போன தடவை ஜெயிச்சவரு இந்தத் தடவை ஏன் சார் தோத்தாரு?" என்று கேட்கிறான். பெரும்பாலான வகுப்பறைகளில் இதற்குக் கிடைக்கிற பதில், "அரசியல் பேசாதே, புத்தகத்தை எடு" என்பதுதான். எடுக்கச் சொல்லும் புத்தகத்தில் இருப்பதும் அரசியல்தான் என்பது அந்தப் பையனுக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும்.

ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குப் பயம். பயத்துக்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம், நடத்தை விதிகள். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு விதிகளின் 5ஆவது விதி, அரசியல் கட்சியில் சேரவோ தேர்தலில் ஆதரவு திரட்டவோ கூடாது என்கிறது. மாநில அரசுகளின் விதிகளும் பெரும்பாலும் இதே அச்சில் வார்த்தவைதான். ஆனால் இந்த விதியை முழுதாகப் படிக்கிறவர்கள் குறைவு. அரசு ஊழியர் வாக்களிக்கலாம், யாருக்கு என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது அது. உடையிலோ வண்டியிலோ வீட்டிலோ சின்னத்தை ஒட்டிக்கொண்டால் குற்றம் என்கிறது. சின்னங்கள் எப்படி ஒதுக்கப்படுகின்றன, ஒரு கட்சி பிளந்தால் சின்னம் யாருக்குப் போகும் என்று மாணவர்களுக்கு விளக்குவதைத் தடுக்கும் வரி அதில் எங்கும் இல்லை. கட்சிக்கு ஆள் பிடிப்பதற்குத்தான் தடை. பாடம் நடத்துவதற்கு இல்லை. இந்த வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்லாததால், வாயைத் திறக்காமல் இருப்பதே விதியைக் காக்கும் வழி என்று பல ஆசிரியர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

இரண்டாவது காரணம், அனுபவம். 2008இல் கேரளத்தில் ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் 'மதமில்லாத ஜீவன்' என்று ஒரு பாடம். கலப்புத் திருமணம் செய்த தம்பதி, மகன் ஜீவனைப் பள்ளியில் சேர்க்க வருகிறார்கள். மதம் என்ற இடத்தை நிரப்ப வேண்டாம், வளர்ந்த பிறகு அவனே தேர்ந்தெடுக்கட்டும் என்கிறார்கள். அவ்வளவுதான். மாநிலம் முழுதும் கிளர்ச்சி வெடித்தது, புத்தகங்கள் எரிந்தன. அந்த ஜூலையில் மலப்புரம் மாவட்டத்தில் ஆசிரியர் கூட்டம் ஒன்றுக்கு எதிராக நடந்த போராட்டத்தில் தாக்கப்பட்ட தலைமையாசிரியர் ஒருவர் இறந்துபோனார்.

2012 மே மாதத்தில் டில்லியின் முறை. என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் இருந்த, கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949இல் வரைந்த அம்பேத்கர் - நேரு கார்ட்டூனுக்காக நாடாளுமன்றம் கொந்தளித்தது. அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்தார். புத்தகத்தின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷீகரும் விலகினார்கள். புனே பல்கலைக்கழகத்தில் பல்ஷீகரின் அறை தாக்கப்பட்டது. அடுத்த மாதமே 1965 இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியைப் பற்றிய ஆர்.கே. லக்ஷ்மணின் கார்ட்டூனை நீக்க வேண்டுமென்று தி.மு.க. தலைவர் கருணாநிதி குரல் கொடுத்தார்.

இந்தச் சர்ச்சைகளில் எந்தப் பக்கம் நியாயம் அதிகம் என்பது வேறு விவாதம். அவமதிப்பாக உணர்ந்தவர்களின் வலியைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஓர் ஆசிரியர் இவற்றிலிருந்து என்ன பாடம் கற்றிருப்பார் என்பது தெளிவு: நாடாளுமன்றமே நிதானமாகப் பேச முடியாத விஷயத்தை நாற்பது நிமிஷ பீரியடில் நாம் ஏன் தொட வேண்டும்?

மூன்றாவது காரணம் பழையது. 'குடிமையியல்' என்ற பாடமே இந்தியாவுக்கு வந்தது வெள்ளைக்காரன் காலத்தில். மக்களின் ராஜ விசுவாசம் குறைகிறது என்று அரசு கவலைப்பட்ட பின்னணியில் வந்த பாடம் அது. நல்ல பிரஜை என்றால் கேள்வி கேட்காத பிரஜை. சுதந்திரத்துக்குப் பிறகும் மக்களவையின் உறுப்பினர் எண்ணிக்கை, ராஷ்டிரபதியின் அதிகாரங்கள் என்று பட்டியல்களை மனப்பாடம் செய்யும் பாடமாகவே அது நீடித்தது. பேராசிரியர் யஷ்பால் தலைமையில் உருவான 2005 தேசியப் பாடத்திட்ட வரைவுதான் இதை உடைத்தது. குடிமையியலுக்குப் பதில் அரசியல் அறிவியல் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் தேர்தலைப் பற்றிய பாடம் 1987 ஹரியாணா சட்டமன்றத் தேர்தலோடு தொடங்கியது: தேவிலால், அவருடைய 'நியாய யுத்தம்', விவசாயக் கடன் தள்ளுபடி வாக்குறுதி, வெற்றி, 1991இல் தோல்வி. பெயர்களும் கட்சிகளும் நிஜம். ஆனால் இன்றைய வகுப்பறையில் யாருடைய ரத்தமும் கொதிக்காத தூரம். நல்ல உத்தி.

அந்தக் கதவும் முழுதாகத் திறந்து நிற்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி என்.சி.இ.ஆர்.டி. செய்த வெட்டுகளில், பத்தாம் வகுப்பின் மக்கள் போராட்டங்கள் பற்றிய அத்தியாயமும், ஜனநாயகம் எதிர்கொள்ளும் சவால்கள் பற்றிய அத்தியாயமும் போயின. 2023 ஜூனில் யாதவும் பல்ஷீகரும் அந்தப் புத்தகங்களிலிருந்து தங்கள் பெயர்களை எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள்.

சரி, பேசாமலே விட்டுவிட்டால் என்ன?

விடலாம், பிள்ளைகளும் பேசாமல் இருந்தால். அவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வீட்டுத் திண்ணையில் கேட்டது, பிரசார வேனில் கேட்டது, அப்பாவின் போனில் வாட்ஸ்அப்பில் பார்த்தது எல்லாம் சாப்பாட்டு இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வந்துவிடுகின்றன. அங்கே ஆசிரியர் கிடையாது; ஆதாரம் கேட்க ஆள் கிடையாது; வாய் பெரியவன் சொல்வதே தீர்ப்பு. சில ஊர்களில் பேச்சுகூட வேண்டியதில்லை, மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறமே போதும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் பிளஸ் டூ மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற சாதி அடையாளங்களைத் தடை செய்ய வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்க வேண்டும் என்றெல்லாம் 2024 ஜூனில் அந்தக் குழு பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்க்கச் சுற்றறிக்கை போதும். கயிறு கட்டத் தூண்டிய எண்ணத்தை அவிழ்க்க வகுப்பில் யாராவது வாய் திறந்தாக வேண்டும்.

வயதும் காத்திருக்கவில்லை. 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வாக்குரிமை வயதை 21லிருந்து 18ஆகக் குறைத்தது. 1989 மார்ச்சில் அமலுக்கு வந்தது. 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு நான்கு தகுதித் தேதிகள். பதினேழு முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அதாவது பிளஸ் டூ வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் ஏற்கனவே வாக்காளர்கள். தேர்தல் கமிஷன் 2018இல் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தேர்தல் விழிப்புணர்வு மன்றங்களைத் தொடங்கியது. பெயர் சேர்ப்பது எப்படி, எந்திரம் எப்படி இயங்குகிறது என்பதை விளையாட்டாகச் சொல்லித் தருகிறார்கள். நல்ல காரியம். பட்டனை அழுத்தக் கற்றுக்கொண்ட பிள்ளை, எந்த பட்டன் என்று முடிவு செய்யும் முன் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்பதை எங்கே கற்கும்?

இதே சிக்கலை இன்னொரு நாடு சந்தித்தது. ஹிட்லர் காலத்தில் பள்ளிக்கூடங்களையே பிரசாரக் கூடங்களாக்கிய ஜெர்மனி. போருக்குப் பிறகு, அரசியலைப் பள்ளியில் எப்படிக் கற்றுத்தருவது என்பதில் மேற்கு ஜெர்மனியின் கட்சிகளும் கல்வியாளர்களும் முட்டிக்கொண்டார்கள். 1976இல் ஸ்டுட்கார்ட் அருகே பொய்ட்டல்ஸ்பாக் என்ற சிற்றூரில் கூடிய கல்வியாளர்களின் பேச்சிலிருந்து மூன்று விதிகள் திரண்டன. ஒன்று, ஆசிரியர் தன் கருத்தை மாணவன் மேல் திணித்து அவனைத் திணறடிக்கக் கூடாது. இரண்டு, வெளியில் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வர வேண்டும். ஒரு பக்கத்தை மறைக்கக் கூடாது. மூன்று, மாணவன் தன் நிலைமையையும் தன் நலனையும் தானே எடைபோட்டுப் பார்க்கப் பழக வேண்டும். அரை நூற்றாண்டு ஆகியும் ஜெர்மனியில் அரசியல் கல்வியின் அஸ்திவாரம் இதுதான். இது எந்தப் பள்ளிக்கும் பொருந்தும். செலவும் இல்லை.

ஆனால் விதி வேறு, வகுப்பு வேறு. பெங்களூரில் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளலாம். ஒரே பெஞ்சில் தமிழ்ப் பிள்ளையும் கன்னடப் பிள்ளையும். ஆகஸ்ட், செப்டம்பரில் மழை பொய்த்தால் காவிரி வகுப்புக்குள் வந்துவிடும். 1991 டிசம்பர் கலவரத்தையும் 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்ததையும் பார்த்த நகரம் அது. அங்கே ஆசிரியர் என்ன செய்யலாம்?

கொதிக்கும்போது தொடங்கக் கூடாது. பேச்சுக்கான விதிகளை ஜூனிலேயே, எந்தச் சண்டையும் இல்லாத ஒரு நாளில், பிள்ளைகளையே சொல்லச் செய்து எழுதி ஒட்டிவிட வேண்டும். நான்கு வரி போதும். கருத்தை எதிர்க்கலாம், ஆளை எதிர்க்கக் கூடாது. 'நீங்கள்லாம் இப்படித்தான்' என்ற பேச்சு கிடையாது. எங்கே கேட்டாய், எங்கே படித்தாய் என்று யாரும் யாரையும் கேட்கலாம். யாரும் தன் சாதிக்கோ மதத்துக்கோ மொழிக்கோ வக்கீலாக நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். "நீ தமிழ்தானே, நீ சொல்லு" என்று ஆசிரியர் நல்லெண்ணத்தோடு கேட்டாலும், அந்தப் பிள்ளை அந்த நிமிஷத்தில் மாணவன் என்ற இடத்திலிருந்து இறங்கிக் கட்சிக்காரனாகிவிடுகிறது.

பிறகு, வாயைத் திறக்கும் முன் கையில் ஏதாவது இருக்க வேண்டும். காவிரி விஷயத்தில் வரைபடம் ஒன்று, எண்கள் சில. நடுவர் மன்றம் 2007இல் மொத்த நீர் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டு, தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. கர்நாடகம் எல்லையில் திறந்துவிட வேண்டிய அளவு 192. சுப்ரீம் கோர்ட் 2018 பிப்ரவரியில் அதை 177.25ஆகக் குறைத்தது. குறைத்த 14.75இல் பத்து டி.எம்.சி., தமிழகத்தின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டு, 4.75 பெங்களூர் உள்ளிட்ட இடங்களின் குடிநீருக்காக. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதியதுமே ஒரு விஷயம் நடக்கும். 419 தமிழகத்தின் மொத்தப் பங்கு, 192 எல்லையைத் தாண்டி வர வேண்டியது, இரண்டும் வேறு வேறு என்பது பெரியவர்கள் பலருக்கே தெரியாது. எண்களை வைத்துக்கொண்டு கோபப்படுவது கொஞ்சம் சிரமம்.

அடுத்தது, பேசும் முன் எழுத வேண்டும். இரண்டு நிமிஷம், மூன்று வரி. நேராக விவாதத்தைத் திறந்தால் எப்போதும் பேசும் ஐந்து பேரே பேசுவார்கள். எழுதச் சொன்னால் கடைசி பெஞ்சுப் பெண்ணும் எழுதும். எழுதியதைப் படிப்பதற்கு, பேசுவதற்கு வேண்டிய துணிச்சலில் பாதி போதும்.

அதன்பின் பக்கம் மாற வேண்டும். தமிழ்ப் பிள்ளை மாண்டியாவில் கரும்பு போட்ட விவசாயியாகப் பேச வேண்டும். கன்னடப் பிள்ளை தஞ்சாவூரில் நாற்று விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கும் விவசாயியாக. எதிர்த்தரப்பின் வாதத்தை, எதிர்த்தரப்பே 'ஆமாம், இதைத்தான் சொல்கிறோம்' என்று ஒப்புக்கொள்ளும்படி சொன்ன பிறகுதான் பதில் சொல்லலாம். ஆற்றின் இரு முனையிலும் நிற்பவன் விவசாயி என்பதை ஆசிரியர் உபதேசமாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

தமிழர்களுக்கு இது புதிதில்லை என்று தோன்றலாம். பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த சமூகம். 'ஒட்டியும் வெட்டியும்' பேசும் போட்டி நடத்தாத பள்ளி இல்லை. ஆனால் பட்டிமன்றத்தில் கைதட்டல் உண்டு, நடுவர் உண்டு, தீர்ப்பு உண்டு. பேச்சாளர் எதிரணியைக் கேட்பது பதிலடி தேடத்தான். வகுப்பறை விவாதத்துக்குத் தீர்ப்பு வேண்டாம். மணி அடிக்கும்போது, 'இன்று என் எண்ணத்தில் எது மாறியது, எது மாறவில்லை, இன்னும் எது தெரிய வேண்டும்' என்று ஆளுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். யார் ஜெயித்தது என்று கை தூக்கச் சொல்வது, சிறுபான்மையாக நிற்கும் பிள்ளையை அம்பலத்தில் நிறுத்துவது.

எல்லாவற்றையும் இப்படி இரண்டு பக்கமும் வைத்துப் பேச வேண்டுமா? கூடாது. ஆசிரியர் வழுக்கி விழும் இடம் இதுதான். பாரபட்சமின்மை என்ற பெயரில், தீண்டாமை சரியா தவறா என்று இரண்டு அணி பிரிப்பவர் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவை விவாதப் பொருளாக்குகிறார். அது முடிந்த விஷயம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் மரியாதையைப் பற்றி மற்ற பிள்ளைகள் வோட்டுப் போட முடியாது. தனியார் வேலைகளில் இடஒதுக்கீடு வேண்டுமா, நாடு முழுதும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்தலாமா, மதுவிலக்கு பலன் தருமா, வாக்கு வயதைப் பதினாறாக்கலாமா என்பவை திறந்த கேள்விகள். நல்ல மனிதர்களே இரண்டு பக்கமும் நிற்பவை.

இன்னொரு வகையும் உண்டு. கருத்து மாதிரி தோற்றமளிக்கும், ஆனால் சரிபார்க்கக் கூடிய தகவல்கள். 'ஒப்புகைச் சீட்டை யாரும் எண்ணுவதே இல்லை' என்று ஒரு மாணவன் சொன்னால் அதற்கு மறுப்பு அணி தேவையில்லை. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ண வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டதையும், நூறு சதவீதம் எண்ணக் கோரிய மனுக்களை 2024 ஏப்ரலில் தள்ளுபடி செய்ததையும் எடுத்து வைத்தால் போதும். ஐந்து போதுமா என்பது அதற்குப் பிறகு வரும் நல்ல கேள்வி. எது முடிந்தது, எது திறந்தது, எது தேடிப் பார்த்தால் தெரிவது என்று பிரிக்கக் கற்ற பிள்ளைக்குப் பாதி அரசியல் அறிவு வந்தாயிற்று.

தேர்தல் நேரத்தில் இதற்கான பாடப் பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சுப்ரீம் கோர்ட்டின் 2002, 2003 தீர்ப்புகளுக்குப் பிறகு ஒவ்வொரு வேட்பாளரும் தன் படிப்பு, சொத்து, வழக்குகள் பற்றிப் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். அது யாரும் பார்க்கக் கூடிய ஆவணம். சொந்தத் தொகுதியின் வாக்குமூலங்களை வரிசையாக வைத்துப் படிக்கும் வகுப்பு, கூட்டல் கழித்தலோடு சட்டமும் கற்கும். வழக்கு நிலுவையில் இருப்பதும் தண்டனை பெற்றதும் ஒன்றல்ல. மறியல் வழக்கும் கொலை வழக்கும் ஒன்றல்ல. எல்லா முக்கிய வேட்பாளர்களுடையதையும் படிக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. ஒருவருடையதை மட்டும் படித்தால் அது பிரசாரம்.

என்ன விதி போட்டாலும் ஒருநாள் ஒரு பையன் ஒரு சாதிப் பெயரை வசவாகச் சொல்லுவான். அல்லது ஒரு மதத்தாரை அன்னியர் என்பான். அப்போது ஆசிரியர் நடுநிலை வகிக்க முடியாது. கேட்காதது மாதிரி கரும்பலகைப் பக்கம் திரும்பினால், அடிபட்ட பிள்ளை அந்த முதுகை ஆயுசுக்கும் மறக்காது. அதற்காகச் சொன்னவனை எழுப்பி நிறுத்தி வறுத்தெடுத்தாலும் பயனில்லை. அவன் வேப்பமரத்தடியில் வீரனாகிவிடுவான். "இந்த வார்த்தை இந்த வகுப்பில் கிடையாது" என்று அங்கேயே, எல்லோர் காதிலும் விழும்படி நிறுத்த வேண்டும். பிறகு, யாரைச் சொன்னானோ அந்தப் பிள்ளையிடம் தனியாக, சொன்னவனிடமும் தனியாக. அந்த வார்த்தையை அவன் கண்டுபிடிக்கவில்லை, வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ எடுத்து வந்திருக்கிறான் என்பதை நினைவில் வைத்துப் பேச வேண்டும். அதற்காக அவன் அப்பாவை வகுப்பில் இழுக்கக் கூடாது. பிள்ளைக்கு அப்பாவா ஆசிரியரா என்ற நிலை வந்தால் ஆசிரியர் தோற்பது நிச்சயம்.

இனி, தப்ப முடியாத அந்தக் கேள்வி: "நீங்க யாருக்கு சார் ஓட்டுப் போட்டீங்க?"

வேறு சில நாடுகளில் ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லலாமா என்று பெரிய வாதமே நடக்கிறது. இந்திய அரசுப் பள்ளி ஆசிரியருக்கு அந்தச் சங்கடம் இல்லை. நடத்தை விதி அவருக்கு வழி சொல்லிவிட்டது. இதையே பாடமாக்கலாம். "அது தெரியக் கூடாதுன்னுதானே மேஜையைச் சுத்தி அந்த அட்டையை வச்சோம்?" என்று திருப்பிக் கேட்கலாம். தேர்தல் பணியில் இருப்பவர் வாக்கின் ரகசியத்தைக் காக்கத் தவறினால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128ஆவது பிரிவு. சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது, ரகசியம் இல்லாவிட்டால் யார் யாரை மிரட்டுவார்கள் என்று கேட்டால் ஒரு பீரியட் முழுதும் ஓடும். அதே மரியாதை மாணவர்களுக்கும் உண்டு. 'உங்க வீட்ல யாருக்கு?' என்ற கேள்வியை ஆசிரியர் விளையாட்டுக்கும் கேட்கக் கூடாது.

இத்தனையும் ஆசிரியர் ஒருவரே தலையில் சுமக்க முடியாது. பாதி பயம், தனியாக மாட்டிக்கொள்வோம் என்பதில்தான். என்ன பேசப்போகிறோம், புத்தகத்தின் எந்தப் பாடத்தையொட்டி, எந்தத் தகவல்களை வைத்து என்று ஒரு பக்கம் எழுதித் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். பெற்றோர் கூட்டத்தில், 'எந்தக் கட்சியைப் பற்றியும் பிரசாரம் இல்லை. பிள்ளைகள் கேட்கவும் யோசிக்கவும் பழகப்போகிறார்கள்' என்று சொல்லிவிட வேண்டும். நாளை ஒரு பெற்றோர் பதினைந்து வினாடி வீடியோவை நீட்டிச் சண்டைக்கு வந்தால், மீதி முப்பத்தொன்பது நிமிஷத்துக்கு அந்தக் காகிதம் சாட்சி சொல்லும். தலைமையாசிரியரும் கல்வி அதிகாரியும் முதல் புகாரிலேயே 'எதுக்கு வம்பு' என்று கைகழுவினால், அந்தப் பள்ளியில் அடுத்த பத்து வருஷத்துக்கு எவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

ஆசிரியர் பயிற்சி இதைச் சொல்லித்தர வேண்டும். பாடக் குறிப்பு எழுதவும் கரும்பலகையைப் பிரித்துப் பயன்படுத்தவும் ஒத்திகை பார்க்கும் பயிற்சி மாணவர், சூடாகிப்போன ஒரு வகுப்பைத் தணிப்பதற்கும் ஒருமுறை ஒத்திகை பார்த்தால் என்ன? தேர்தல் பணிக்கு ஆசிரியர்களை அழைத்து எந்திரத்தை எப்படி இணைப்பது என்று வகுப்பெடுக்கிறார்கள். கோளாறு வந்தால் என்ன செய்வது, ஏஜெண்ட் ஆட்சேபித்தால் என்ன செய்வது என்று கையேடே கொடுக்கிறார்கள். பிள்ளைகள் ஆட்சேபித்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு மெல்லிய கையேடு போடலாம்.

ஐம்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில், பரீட்சைக்கு முன் பாடத்தை முடித்தாக வேண்டிய அவசரத்தில், வாரம் ஒரு விவாதம் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மாதம் ஒன்று நடந்தால் வருஷத்துக்குப் பத்து. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை நாற்பது. பள்ளியை விட்டுப் போவதற்குள் நாற்பது முறை தனக்குப் பிடிக்காத கருத்தை முழுதாகக் கேட்டு முடித்த ஒருவர், பதினெட்டு வயதில் வாக்காளர் அட்டையோடு வரிசையில் வந்து நிற்பார். இப்போது அந்த வரிசையில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று, சாவடியில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கே தெரியும்.